கீழ்க்கோடு இல்லாத கட்டம்

ரேடியோ அறையில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிக்கும்,

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தீர்கள். “சார், உங்க புரோகிராம்ல ஒரு சின்னக் குறை. படகு நம்பரப் போட்டுத் தேடுனா கட்டம் வருதுல்ல, அதுக்கு மேல்கோடு இருக்கு, ரெண்டு பக்கமும் கோடு இருக்கு, கீழ்க்கோடு மட்டும் விட்டுப்போச்சு. நாங்க போட்டுச் சரி பண்ணிட்டோம்” என்றீர்கள். நானும் “நல்லதுப்பா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. பார்க்கிறவர் யாருக்கும் அது குறையாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கோடு விட்டுப்போனது இல்லை. இருந்ததை நான்தான் அழித்தேன். ஏன் அழித்தேன் என்பதை அறைச் சாவியோடு சேர்த்து உங்களிடம் ஒப்படைக்காமல் வந்தது என் தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். எனக்கு இங்கே பேச ஆள் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் சாயல்குடிக்கு மேற்கே, பனையும் மானாவாரிப் பருத்தியும் உள்ள பக்கம். பத்தாவதும் டைப்ரைட்டிங்கும்தான் என் படிப்பு. படகு உரிமையாளர் சங்கம் ரேடியோ அறைக்கு ஆள் கேட்கிறது என்று கேள்விப்பட்டுத் தீவுக்கு வந்தேன். இருபத்துச் சொச்சம் வருசம் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாள்கூடப் படகில் ஏறியதில்லை. என்னை எல்லாரும் “கம்ப்யூட்டர் அண்ணே” என்பார்கள். நூறு பேருடைய குரல் எனக்குத் தெரியும். அதில் பத்துப் பேருடைய முகம்கூடத் தெரியாது. நீங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் இது உங்களுக்கும் பிடிபடும். ஊரே நம்மோடு பேசும், நம் பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

எனக்கு முன்பே அங்கே இருந்தவர் காதர் பாய். பெரியபட்டினத்துக்காரர். கப்பலில் ரேடியோ பார்த்துவிட்டுக் கரையேறியவர். விடியலில் இருந்து பன்னிரண்டரை வரை அவர், அதற்குப் பிறகு நான். படகுகள் வயர்லெஸ் செட்டில் சொல்லும் தகவலை எல்லாம் நேரம், படகு நம்பர், செய்தி என்று அன்றன்றைய கோப்பில் தட்டி வைப்போம். யாராவது வந்து கேட்டால் கோப்பில் தேடிச் சொல்வோம். எங்களுக்குக் கிடைத்த கம்ப்யூட்டர் யாரோ வேண்டாம் என்று தள்ளியது. படம், ஜன்னல், மௌஸ் ஒன்றும் அதில் ஓடாது. கறுப்புத் திரை, கட்டளையைத் தட்டினால் பதில் எழுத்தாக வரும். அந்தக் கறுப்புத் திரையோடு நான் தனியாகக் குடித்தனம் நடத்திக் கற்றுக்கொண்டதுதான் எனக்குத் தெரிந்த வித்தை முழுக்க.

கட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

காற்று கிளம்பினால் வீட்டுக்காரர்கள் எல்லாம் நம் ஜன்னலுக்கு ஓடி வருவார்கள். அது உங்களுக்குத் தெரியும். நான் நம்பரைத் தேடினால் திரையில் எழுத்து எறும்புச் சாரி மாதிரி ஓடும். கம்பிக்கு வெளியில் நிற்கிறவர்கள் “எது? எது?” என்று விரலை நீட்டுவார்கள். அவர்களுக்குக் கண்ணில் படவேண்டும் என்றுதான் கிடைத்த வரியைச் சுற்றிக் கோடு போட நினைத்தேன். மேலே, கீழே, இடது பக்கம் மூன்றும் ஒரு நாளில் வந்துவிட்டன. வலது பக்கத்துக் கோடுதான் படுத்தியது. இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரே அளவு இடம். நம் எழுத்தோ ஒன்று ஒடுங்கி நிற்கும், இன்னொன்று காலை நீட்டிப் படுக்கும். வரிக்கு வரி சுவர் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

காதர் பாய் பார்த்துவிட்டுச் சிரிப்பார். “என்ன மாப்ளே, சுவரு கட்டுறீகளா, ஓணானப் புடிச்சு ஒட்டுறீகளா?”

“நீங்க தட்டுற தமிழு அப்புடி, பாய்.”

“ஆமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.”

மூன்று வாரம் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் நிமிர்ந்தது. நூல் பிடித்த மாதிரி நின்றது. அன்று எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமில்லை. காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. சும்மாவே நம்பர்களைத் தட்டித் தட்டிக் கட்டம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனங்களுக்கும் அது பிடித்துப்போனது. ஒரு காற்று நாளில் தன் தம்பி படகின் நம்பரைக் கட்டத்துக்குள் பார்த்த பெரியவர் ஒருவர், ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, “கட்டத்துக்குள்ள வந்துட்டான்னா கரைக்கு வந்த மாதிரிடா” என்றார். அது அப்படியே சொலவடையாகிவிட்டது. மீன் ஏலம் போடும் இடத்தில்கூட, “உன் போட்டு கட்டத்துக்குள்ள வந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டார்கள். ஜனங்கள் வாயில் ஒரு சொல் ஏறினால் எனக்குப் பெருமை தாங்காது. அந்தப் பெருமையில்தான் புத்தி மழுங்கியது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் படகுகள் போகும்போது கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்ததாம். பத்து மணிக்கு மேல் தென்கிழக்கிலிருந்து காற்று பிடித்தது. நான் பன்னிரண்டரைக்கு அறைக்குள் நுழைந்தபோது ஜன்னலில் பத்துப் பதினைந்து பேர். காதர் பாய் கண் சிவந்து, சட்டையெல்லாம் வேர்வையாக எழுந்தார். “எல்லாம் ஏத்திருக்கேன் மாப்ளே. ஆள் அனுப்ப வேண்டியதும் அதுலயே இருக்கு. லுகர் தொழுதுட்டு அப்புடியே மண்டபம் போறேன். அங்கன ஒதுங்குன போட்டுகளுக்கு ஆளில்லையாம். பாத்துக்கங்க.” சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

இங்கேதான் என் முதல் தப்பு. ஒரு வேலையை ஒருவரிடமிருந்து வாங்கும்போது அன்றைய கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கவேண்டும். பத்து நிமிசம் ஆகும். ஜன்னலில் ஜனம் கத்துகிறது. நான் படிக்கவில்லை. எதற்குப் படிக்கவேண்டும், கேட்கிற நம்பரைத் தட்டினால் கட்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

நாலாவதோ ஐந்தாவதோ ஆளாக ரீத்தம்மாள் வந்தார். 217-ஆம் நம்பர் விசைப்படகின் டிரைவர் சவரியின் மனைவி. சவரியை நான் பார்த்ததில்லை, ஆனால் குரல் அத்துபடி. செட்டைப் பிடித்தால் விடமாட்டார். வலை போட்டதைச் சொல்வார், மீன் படாததைச் சொல்வார், கூட இருக்கிறவன் குறட்டையைச் சொல்வார். “சவரி, லைனை விடுங்க, மத்தவங்க பேசணும்” என்று நான் சொல்லாத நாளில்லை.

தட்டினேன். கட்டம் விழுந்தது. அதற்குள் ஒரே வரி:

11.40 – 217 – இன்ஜின் நின்றது. தீவுக்கு வடகிழக்கே பத்து மைலில் நங்கூரம் போட்டிருக்கிறோம். நாலு பேரும் நலம்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். “பாருங்கம்மா. நங்கூரம் போட்டு நிக்கிறாக. நாலு பேரும் சுகம். இழுத்துட்டு வர ஆள் அனுப்புறோம். வீட்டுக்குப் போயி உலை வைங்க.”

ரீத்தம்மாள் அந்த வரியை உதடு அசைய இரண்டு தடவை படித்தார். “கட்டத்துக்குள்ள வந்துருச்சு” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நங்கூரம் போட்ட இடத்துக்கு இரண்டு படகை அனுப்பினோம். முன்னால் போனது சேசு என்ற டிரைவரின் படகு. மூன்று மணிக்குச் செட்டில் அவர் குரல் வந்தது. “அண்ணே, சொன்ன எடத்துல ஆளக் காணோம். சுத்திப் பாத்துட்டோம். என்ன செய்ய?”

நான் மறுபடியும் 217 என்று தட்டினேன். அதே கட்டம். அதே வரி. நாலு பேரும் நலம். எனக்குள் கணக்கு ஓடியது: நங்கூரம் போட்டார்கள், நலம் என்றார்கள், இப்போது அங்கே இல்லை. அப்படியானால் இன்ஜினைச் சரிசெய்து கிளம்பிவிட்டார்கள். வேறென்ன இருக்க முடியும்? ஆபத்து என்றால் கூப்பிட்டிருப்பார்களே, செட்டில் சத்தமே இல்லையே.

“கிளம்பிருப்பாக சேசு. நீங்க திரும்பிருங்க. காத்து ஏறுது” என்றேன்.

தம்பிகளா, அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப வாங்க முடியுமானால் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்வேன். தேடப் போனவர்களைத் திருப்பி அழைத்தது நான்.

நாலு மணிக்கு ஜன்னலில் மறுபடியும் ரீத்தம்மாள்.

“அண்ணே, அதுக்குப் பொறவு என்ன சொன்னாக?”

“ஒண்ணும் சொல்லலம்மா. வந்துக்கிட்டு இருப்பாக.”

“காட்டுங்க.”

தட்டினேன். கட்டம் விழுந்தது. “இதாம்மா கடைசி. நாலு பேரும் நலம்னு போட்டிருக்குல்ல.”

“பதினொண்ணே முக்காலுக்குச் சொன்னது. இப்ப மணி நாலு.” கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, நீங்க அவுகளோட பேசிருக்கீகளா?”

“தினமும் பேசுவேனே.”

“அவுக வாயில மைக்கக் குடுத்தா நாலு மணி நேரம் சும்மா இருப்பாகளா? கோயில்ல பூசை நடக்கையிலேயே எங்கிட்டப் பேசுற மனுசன். சத்தம் வரலன்னா சொகமா இருக்காகன்னு நீங்க நெனைக்கிறீக. சத்தம் வரலன்னா ஏதோ ஆயிப்போச்சுன்னு நான் நெனைக்கிறேன்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். “கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா” என்றேன்.

“பொய் சொல்லுதுன்னு சொன்னேனா? சட்டியில வச்சு மூடுன மாதிரி நாலு பக்கமும் கட்டி வச்சிருக்கீக. மூடியத் தொறங்க. அதுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு பாப்போம்.”

அவர் வாயை அடைக்கத்தான் திறந்தேன். தேடாமல், கட்டம் போடாமல், அன்றைய கோப்பை அப்படியே திரையில் இறக்கினேன். 11.40 வரி வந்தது. அதன் கீழே வேறு இரண்டு படகுகளின் செய்தி. அதற்கும் கீழே காதர் பாய் தட்டிய வரி:

12.15 – மேற்படி இன்ஜின் நின்ற படகு – நங்கூரக் கயிறு அறுந்தது. வடமேற்கே அடித்துப் போகிறது. தண்ணீர் ஏறுகிறது. செட் பேட்டரி நனைந்துவிட்டது. ஆள் அனுப்பவும்.

மேற்படி. ஆபீஸ் நோட்டு எழுதிப் பழகின கை. ஒரே படகைப் பற்றி இரண்டாம் தடவை எழுதும்போது நம்பரை மறுபடி யார் எழுதுவார்கள்? மேலே சொன்னது என்று போட்டால் படிக்கிற மனுசனுக்குப் புரிந்துவிடும். மனுசன் மேலேயிருந்து கீழே படிப்பான். தேடுகிற இயந்திரம் படிக்காது. 217 எங்கே இருக்கிறதோ அந்த வரியை மட்டும் பிடுங்கி வந்து கொடுக்கும். அதை நான் நாலு சுவருக்குள் வைத்து, கீழே அழுத்தமாக ஒரு கோடும் போட்டு, இதோடு முடிந்தது என்று காட்டியிருக்கிறேன். காதர் பாய் செய்ததும் வழக்கம்தான், இயந்திரம் செய்ததும் அதன் வழக்கம்தான். நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான்.

திரை இன்னும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது. ரீத்தம்மாள் உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். மறைக்க வேண்டும் என்று கை போனது. பாதியில் நின்றுவிட்டது. அவர் கத்தவில்லை. “வடமேக்கேன்னா தொண்டிப் பக்கம்” என்றார். “எல்லைக்கு அங்கிட்டுப் போகல. கூப்புடுங்கண்ணே.”

மைக்கை எடுத்தேன். சேசுவின் படகு கரைக்கு அரை மணி தூரத்தில் இருந்தது.

“சேசு, திரும்பிப் போங்க. 217 வடமேற்கே அடிச்சுப் போயிருக்கு.”

“யோவ் அண்ணே, என்ன வெளையாடுறீகளா? போங்கிறீக, வாங்கிறீக. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி யாரு சொன்னது கிளம்பிட்டாகன்னு?”

அந்த இடத்தில் ஆயிரம் பதில் இருந்தது. தகவல் இப்போதுதான் வந்தது என்று சொல்லலாம். காதர் பாய் நம்பர் போடவில்லை என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் எந்தப் பதிலைச் சொன்னாலும் சேசு இன்னொரு கேள்வி கேட்பார், அதற்கு ஒரு பதில் வேண்டும். அங்கே ஒரு படகில் தண்ணீர் ஏறுகிறது.

“நான் சொன்னதுதான். என் தப்பு. நாலு மணி நேரமா மெதந்துக்கிட்டு இருக்காக. போங்க சேசு.”

“போறோம்.” அவ்வளவுதான்.

அவசரத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான வாக்கியம் அதுதான், தம்பிகளா. என் தப்பு. அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. மிச்ச நேரம் வேலைக்குக் கிடைக்கும்.

மண்டபத்தில் இருந்த காதர் பாய்க்குப் போன் போட்டேன். வரியைப் படித்துக் காட்டினேன். “யா அல்லா. நம்பர் போடலையா நான்?” என்றார். பிறகு, “தொண்டியில எனக்கு ஆளிருக்கு. வல்லத்துக்காரங்க, நாட்டுப்படகு ஓட்டுறவங்க. நான் சொல்றேன். நீங்க செட்ட விட்டு எந்திரிக்காதீக.”

எழுந்திரிக்கவில்லை. சேசுவும் கூட்டாளிகளும் வெளிச்சம் இருக்கும் வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. ஜன்னலில் இருந்த கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது, அவரவர் படகு வர வர. ரீத்தம்மாள் மட்டும் போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், தலையை ஆட்டி மறுத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கால் மணிக்கு ஒரு தடவை, “217, 217, கேட்குதா?” என்று கூப்பிடுவேன். பேட்டரி நனைந்த செட் பதில் சொல்லாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கூப்பிட மறந்தால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். விடிகிற வரைக்கும் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்குக் காதர் பாயின் போன் வந்தது. தொண்டிக்குக் கிழக்கே ஒரு வல்லக்காரர் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறார். நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். இரவு முழுக்கத் தண்ணீரை வாரி வாரி இறைத்திருக்கிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே சொன்னேன். ரீத்தம்மாள் எழுந்து, முந்தானையை உதறி இடுப்பில் சொருகிக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். “மொதல்ல எழுதுங்கண்ணே. நம்பரோட எழுதுங்க” என்றார். எழுதி முடிக்கும் வரை நின்று, படித்துப் பார்த்துவிட்டுத்தான் தொண்டிக்குப் பஸ் ஏறப் போனார்.

மூன்றாம் நாள் சங்கத்தில் கூப்பிட்டு ஏன் தாமதம் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் காதர் பாய், “மேற்படின்னு போட்டது நான்” என்றார். “படிக்காதது நான்” என்றேன். “எங்கைய வெட்டணும்” என்றார் அவர். தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டு பேரும் பழிக்குப் போட்டி போடுறீக. ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டு வேலையப் பாருங்கய்யா” என்று அனுப்பிவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ வாங்கினோம். காதர் பாய் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார்: “கரையில நிக்கிறவனுக்குக் கடலு முழங்கால் ஆழம், மாப்ளே.”

அதற்கடுத்த நாள் சவரி வந்தார், மனைவியோடு. அன்றுதான் அவர் முகத்தை முதல்முதல் பார்த்தேன். குரலை வைத்துப் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, காது நீண்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். தொண்டை கட்டிப்போய்க் குரல் காற்றாக வந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். நான் பேசுனது கேட்டுச்சா?”

“எப்போ சவரி?”

“கயிறு அறுந்ததுக்குப் பொறவு. மைக்க அமுக்கிக்கிட்டே பேசுனேன், பொழுது சாயுற வரைக்கும். செத்த செட்டுன்னு கூட இருந்தவன் சொன்னான். இருந்தாலும் ஒருவேள நம்ம பேசுறது போகுது, அவுக பேசுறதுதான் வரலையோன்னு நெனச்சேன்.”

“கேட்கல சவரி” என்றேன்.

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

தலையை ஆட்டினார். “எல்லாத்தையும் பேசுனேன். சின்னப்புள்ளையில அடி வாங்குனது, கல்யாணத்துக்கு வாட்ச் எரவல் வாங்கிக் கட்டுனது, எல்லாம். இவ வைக்கிற கொழம்புல உப்புக் கூடுதல்னு கூடச் சொன்னேன்.”

“அத மட்டும் அண்ணே கேட்டுருந்தாருன்னா, தொண்டி வரைக்கும் வந்து ரெண்டு வச்சிருப்பேன்” என்றார் ரீத்தம்மாள். மூன்று பேரும் சிரித்தோம்.

சவரி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, “எங்களுக்கு ஆள் வந்து சேராததுகூடப் பெருசில்லண்ணே. யாருமே கேக்கலன்னு தெரியாம பேசிருக்கேன் பாருங்க, அதுதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றார்.

அன்று மாலை நான் கட்டத்தைப் பிரித்தேன். முதலில், கிடைத்த வரிக்குக் கீழே இரண்டு வரி சேர்த்துக் காட்டலாம் என்று செய்து பார்த்தேன். மூன்றாவது வரியில் இருந்தால் என்ன செய்வது? ஐந்து வரி என்றால் ஆறாவது? எத்தனை வரியில் நின்றாலும் கீழே கோடு போட்ட உடனே அது முடிந்துவிட்டதாக ஆகிவிடுகிறது. கடைசியில் கீழ்க்கோட்டையே அழித்தேன். நம்பர் உள்ள வரி மூன்று பக்கக் கோட்டுக்குள் நிற்கும், அதன் அடியிலிருந்து அன்றைய கோப்பு கடைசி வரி வரை அப்படியே இறங்கி ஓடும். பார்க்க அசிங்கம்தான். மூன்று வாரம் நிமிர்த்திய வலது சுவர் அந்தரத்தில் தொங்கியது. ஆனால் திரையைப் பார்க்கிற கண் நிற்காமல் கீழே போகும். நீங்கள் பார்த்த குறை அதுதான்.

காதர் பாய் அதன் பிறகு ஒவ்வொரு வரியிலும் நம்பர் போட்டார். பழக்கதோசத்தில் எப்போதாவது ‘மேற்படி’ என்று தட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அழிப்பார். அழிக்கும் சத்தம் எனக்குத் தெரியும், ஏழு தட்டு. இப்போது அவர் பெரியபட்டினத்தில் மகளோடு இருக்கிறார். காது சுத்தமாகக் கேட்பதில்லை. போன் போட்டால் மகள்தான் எடுத்து, “வாப்பா நல்லா இருக்காகண்ணே” என்று சொல்லி வைத்துவிடும்.

சவரி அதற்குப் பிறகு செட்டில் அதிகம் பேசுவதை விட்டுவிட்டார். லைனை விடுங்க என்று நான் சொல்ல வேண்டியதே இல்லாமல் போனது. ஆனால் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் விடியலில் ஒரே ஒரு தடவை கூப்பிடுவார்.

“அண்ணே, இருக்கீகளா?”

“இருக்கேன் சவரி.”

அவ்வளவுதான். காலை வேலை காதர் பாயுடையதுதான். ஆனால் அந்த ஒரு குரலுக்காகவே நான் அவரோடு மாற்றிக்கொண்டேன். காதர் பாயும் ஏன் என்று கேட்கவில்லை. பணி முடிகிற நாள் வரைக்கும் அது நடந்தது. வேறு செய்தி எதுவும் இருக்காது. கோப்பில்கூட அதை நாங்கள் எழுதுவதில்லை. அதனால் நீங்கள் எந்த நம்பரைப் போட்டுத் தேடினாலும் அது வராது. நான் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

கீழ்க்கோட்டை எடுத்துவிடுங்கள். நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள், இதைவிட நல்ல வழி உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். கட்டத்தையே தூக்கிப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எது செய்தாலும், ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஒரு பொம்பளை “அதுக்குப் பொறவு என்ன?” என்று கேட்டால் எரிச்சல்படாதீர்கள். நம்மிடம் இருப்பது வரி. அந்த ஆளைத் தெரிந்தவர் அவர்தான்.

ஊருக்கு வந்த மறுவாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். படகு போகிற நாள் அது. இங்கே கடல் சத்தம் எட்டாது. காற்றடித்தால் பனை ஓலை மட்டும் உரசும். விடிந்தும் விடியாமலும் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் என்னை அறியாமல் “இருக்கேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தெருவில் ஒருவரும் இல்லை. கட்டிப் போட்டிருந்த பக்கத்து வீட்டு ஆடு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அதே நேரத்தில் அங்கே சவரி கூப்பிட்டிருப்பார். நான் போய்விட்டது அவருக்குத் தெரியும், இருந்தாலும் கூப்பிட்டிருப்பார். அறையில் உங்களில் ஒருவர் இருந்திருப்பீர்கள்.

பதில் சொன்னீர்களா? எனக்கு ஒரு போன் போட்டு அதை மட்டும் சொல்லுங்கள்.